வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

அம்பத்தூரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டின் பொது நடையில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில், ஒரு கதவைச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தோம். அதற்குப் பின்னால் சுவர்தான். ஒரு பூனைகூட நுழைய முடியாது.

ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வருகிறேன். அத்தை அந்தக் கதவின் முன்னால் நின்று தாழ்ப்பாளை இழுத்துக்கொண்டிருந்தாள். துருப்பிடித்த பழைய இரும்பு. கிறீச்சென்று நடை முழுக்கக் கேட்டது. இழுத்து முடித்ததும், பஸ்ஸில் இறங்குகிறவருக்கு ஒதுங்குவதுபோல, சற்று விலகி நின்று வழி விட்டாள்.

“இன்னா அத்தே பண்ற?”

“உள்ள ஆள் கீதுடி. தொறந்து வுட்டேன். வெளிய வர வெக்கப்படுது.”

பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போட்டபடியே சிரித்தாள். “கேளு, வந்தா டீ போடச் சொல்லு கலை!”

நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. பகல் முழுக்க அந்த நடையில் உட்கார்ந்து பாத்திரம் தேய்க்கிறவள் அவள்தான்.

சொந்த வீடு கட்டிய கதையைத் தொடங்கப்போகிறேன் என்று போன வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். குறைந்த பணத்தில் எப்படித் திட்டம் போட்டீர்கள் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் எங்கள் வீட்டை நினைத்தால் செங்கலும் சிமெண்டும் எனக்குப் பிறகுதான் வரும். முதலில் வருவது இந்தக் கதவு.

கட்டம் போட்ட தாள்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதற்குப் பிறகு பாலிடெக்னிக்கில் சிவில் படித்தேன். இதை இந்தத் தொடரில் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். இன்னும் பல தடவை சொல்வேன். எனக்கு இதில் கூச்சமே கிடையாது.

அப்பா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லோடுமேன். சீட்டுக் கட்டி, சீட்டுக் கட்டி, ஆவடிக்கு அந்தப் பக்கம் கோவில்பதாகையில் ஒரு சின்ன மனை வாங்கியிருந்தார். வங்கிக் கடன் என் பெயரில், என் சம்பளச் சீட்டின் பேரில் கிடைத்தது. பிளான் போட வெளியாள் எதற்கு? ஊரார் வீட்டுக்கெல்லாம் ஆபீஸில் உட்கார்ந்து வரைகிறவள், என் வீட்டுக்கு வரைய மாட்டேனா?

கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்தேன். அழித்து அழித்துத் தாள் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. ஏரி பக்கத்திலேயே இருப்பதால் அடித்தளத்தை உயர்த்தியே ஆக வேண்டும். கையிலிருந்த பணத்தில் பெரும்பகுதி மண்ணுக்கடியில் போகும் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. அப்பாவுக்கு இது ஆறவே இல்லை.

“கண்ணுக்கே தெரியாத எடத்துல காசக் கொட்டிட்டு, பாக்கற எடத்துல பிச்ச எடுக்கறதா?”

“பாக்கற எடத்த அப்பால மாத்திக்கலாம்பா. அடியில போனத மாத்த முடியாது.”

ஆகவே போர்டிகோ போயிற்று. மாடிப்படி போயிற்று. சுற்றுச்சுவர் மூன்று பக்கத்தோடு நின்றது. கடைசியில் மரத்துக்கு வந்தோம். தலைவாசலுக்கு மட்டும் புது மரம். உள்ளறைகளுக்குப் பழைய கதவு. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. இடித்த வீட்டு மரத்தைத் தலைவாசலுக்கு வைக்க மாட்டார்கள். அந்த வீட்டு ஆட்கள் வழி தெரிந்து வந்துவிடுவார்களாம். உள்ளே வைத்தால் பரவாயில்லை என்பார்கள். ஏன் பரவாயில்லை என்று யாரும் சொன்னதில்லை.

முடிச்சு

அத்தை, அப்பாவின் தங்கை. பெயர் சரசு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள். பெரியாஸ்பத்திரியில் மனசுக்குக் கொடுக்கிற மாத்திரை அவளைத் தூங்க வைக்கும்; ஓரிடத்தில் நிற்க வைக்காது. நாங்கள் கொஞ்சம் கண் அசந்தால் நடக்கத் தொடங்கிவிடுவாள்.

ஒருமுறை மாங்காடு கோயில் வரிசையில் யாரோ அடையாளம் கண்டு சொன்னார்கள். இன்னொருமுறை ஐயப்பன்தாங்கல் டெப்போவில், காலி பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர் பாவம், கோபப்படவும் தெரியாமல் நின்றார்.

“எறங்கும்மான்னா எறங்க மாட்டேங்குது சார். இன்னும் என் ஊடு வரலன்னு சொல்லுது. பஸ்ஸு இதுக்கு மேல போவாதுன்னா, அது போற வரைக்கும் கீறேன்னுது.”

அப்பா பஸ்ஸில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார்கள். அப்புறம்தான் அவள் எழுந்தாள்.

அதிலிருந்து ராத்திரியில் அம்மா தன் புடவைத் தலைப்பை அத்தையின் மணிக்கட்டில் முடிந்துகொண்டு படுப்பாள். அத்தை புரண்டால் அம்மா விழிப்பாள். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது தொடங்கியது. வேலைக்குப் போன பிறகும் அந்த முடிச்சு அவிழவில்லை.

“புது ஊட்லயாச்சும் நான் கைய கால நீட்டிப் படுக்கணும்டி” என்பாள் அம்மா. அவள் அந்த வீட்டிடம் கேட்டது அது ஒன்றைத்தான். மார்பிள் கேட்கவில்லை, மாடுலர் கிச்சன் கேட்கவில்லை.

தாளில் வரைந்தது அப்பாவுக்குப் புரியாது என்பதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மனையில் சுண்ணாம்புப் பொடியால் முழு அளவில் வீட்டைப் போட்டுக் காட்டினேன். ஒரு கூடம், அதன் மூலையில் சமையல். முன்னால் ஓர் அறை. பின்னால் அதைவிடச் சின்னதாக ஓர் அறை. முன்னறை எனக்கு. அப்பா எப்போதோ வாக்குக் கொடுத்தது: படித்த பிள்ளைக்குக் கதவு வைத்த ஓர் அறை. எட்டுக் குடித்தனத்துக்கு ஒரு குளியலறை இருக்கிற இடத்தில் வளர்ந்தவளுக்கு, உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் ஓர் அறை என்றால் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்பாவும் அம்மாவும் கூடத்தில். பின்னறை அத்தைக்கு.

அப்பா பொடிக்கோட்டை மிதிக்காமல், வாசல் விட்டிருந்த இடத்தின் வழியாகவே பின்னறைக்குள் போய் நின்றார். திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து ஏரித் தண்ணீர் பளபளவென்று தெரியும்.

“இந்த ரூமுக்கு மட்டும் வெளியாண்ட தாப்பா வச்சிடு கலை.”

“மனுஷங்க கீற ரூமுக்கு யாராச்சும் வெளிய தாப்பா வைப்பாங்களாப்பா?”

“தண்ணி கீதும்மா அந்தாண்ட. ஒரு நாளு எந்திரிச்சிப் போய்ட்டான்னா? காலைல லோடு அடிக்கப் போறவன் நான், விடியறதுக்கு முன்ன கெளம்பறேன். ஒங்கம்மா ஒடம்பு வேற தாங்கல. அப்ப யார் அவளப் புடிச்சிகினு படுக்கறது? நீயா?”

நான் முன்னறையைப் பார்த்தேன். அங்கே சுண்ணாம்பு வெயிலில் வெள்ளையாக எரிந்தது. அத்தை கோட்டுக்கு வெளியே, கருவேல மர நிழலில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரும் தூக்காத கதவு

பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் பழைய மரக்கடைகள் உண்டு. இடிக்கிற வீடுகளிலிருந்து வந்த ஜன்னலும் கதவும் வானம் பார்த்து நிற்கும். அந்தக் கடைகளுக்குள் நடப்பது ஒரு தெருவில் நடப்பது மாதிரி. இரண்டு பக்கமும் வாசல்கள், வீடுகள்தான் இல்லை.

அளவு சின்னதாக, பச்சைப் பெயிண்ட் அடித்த ஒற்றைக் கதவு ஒன்றைக் கடைக்காரர் தட்டிக் காட்டினார். எல்லோரும் அவரை பாய் என்றே கூப்பிட்டார்கள்.

“தேக்கு நைனா. நீ கட்ற ஊட்ட ஒன் பேரன் இடிப்பான் பாரு, அப்பவும் இத்த நான் வந்து வாங்கிக்கிறேன்.”

“அது வரைக்கும் நீ இருப்பியா பாய்?” என்றார் அப்பா.

“கதவு இருக்கும்ல!”

எந்த வீட்டில் இருந்தது என்று கேட்டேன். ஊருக்குள்ளே ஒரு பெரிய வீடு என்று மட்டும் சொன்னார். மற்ற கதவெல்லாம் வந்த வாரமே போய்விட்டதாம். “இது ஒண்ணத்தான் யாரும் தூக்கல. சின்ன சைஸு, அதான்.”

நிலை கிடைக்கவில்லை, கதவு மட்டும்தான். நான் கறையான் பார்த்தேன். கோணல் பார்த்தேன். தண்ணீர் தெளித்து வெடிப்புப் பார்த்தேன். அப்பா விலை பேசி முடித்ததும் வெற்றியோடு வண்டியில் ஏற்றினோம். படித்ததை எல்லாம் வைத்து மரத்தைப் பார்த்தேனே தவிர, தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை.

வீட்டில் ஈரத்துணியால் துடைக்கும்போதுதான் தெரிந்தது. அறைக் கதவு உள்பக்கமாகத் திறக்கும். கீலின் உருளை உள்பக்கம்தான் தெரியும். இந்தக் கதவில் ஒரு பழைய கீல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் உருளை தெரிந்த பக்கம், அதாவது உள்பக்கம், தாழ்ப்பாளே இல்லை. தாழ்ப்பாள் இருந்ததெல்லாம் மறுபக்கம். தடித்த, நீளமான இரும்பு. ஒரு மாட்டைக்கூட அடைத்து வைக்கலாம்.

உள்பக்கத்தைத் துடைத்துக்கொண்டே கீழே வந்தேன். தரையில் உட்கார்ந்தால் தோள் வருகிற உயரத்தில் துணி ஒரு பள்ளத்தில் இறங்கியது. அங்கே மட்டும் பச்சை இல்லை, அதற்கடியில் இருந்த நீலமும் இல்லை. மரமே தேய்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு வழவழவென்று குழிந்திருந்தது. நகக்கீறல் ஒன்றுகூடக் கிடையாது. யாரோ நிதானமாக, ரொம்ப வருஷம், அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

என் கையை அதில் வைத்தேன். பொருந்தியது. உடனே எடுத்துவிட்டேன்.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குழியைப் பார்த்தார், பிறகு தாழ்ப்பாளைப் பார்த்தார்.

“நல்லதாப் போச்சு. புதுசா ஒண்ணு வாங்க வேணாம்” என்றார். ஆனால் குரல் இறங்கியிருந்தது.

கதவு சுவரோரம் போய் நின்றது. மறுநாளிலிருந்து அத்தை அதைத் திறக்கத் தொடங்கினாள். நாங்கள் போட்டு வைப்போம். அவள் திறந்து வைப்பாள். ஒரு வாரத்தில் அம்மா பாத்திரம் தேய்க்கும் இடத்தை நடையின் மறுகோடிக்கு மாற்றிக்கொண்டாள்.

“ஏம்மா?”

“மத்தியானத்துல அதுகிட்ட ஒக்கார முடியலடி. சொவத்துல கைய வச்சித் தேய்ச்சிகினே கீற மாரி ஒரு சத்தம்.”

“எலியா இருக்கும்.”

“எலின்னா வுட்டு வுட்டு வரும். இது நிக்கவே மாட்டேங்குது.”

சாப்பாட்டு நேரம்

மாசங்கள் போயின. சுவர் எழும்பி, தளம் போட்டு, அதைத் தாங்கிய பலகைகளைப் பிரித்தோம். பின்னறைக்கு மட்டும் நிலை வைத்து, அளவு பார்க்க அந்தக் கதவை ஆசாரி மாட்டினார். தாழ்ப்பாளை மாற்ற வேண்டாம், அப்படியே வெளியே இருக்கட்டும் என்று அப்பா சொல்லியிருந்தார்.

அன்று ஆட்கள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நல்ல வெயில். அத்தையை நிழலில் உட்கார வைத்துவிட்டு, அம்மாவும் நானும் முன்பக்கம் சுவருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தோம். அப்பா பின்னறை மூலையில் ஓதம் தெரிகிறதா பார்க்கிறேன் என்று உள்ளே போனார். குழாயில் தண்ணீர் நின்ற பிறகுதான், அவர் போய் நேரமாகிவிட்டது என்று தோன்றியது.

“யோவ்!” என்று அம்மா குரல் கொடுத்தாள். பதில் இல்லை.

உள்ளே போனோம். பூசாத கூடத்தில் ஈரச் சிமெண்ட் வாசனை. பின்னறைக் கதவு சாத்தி, தாழ்ப்பாள் போட்டிருந்தது. கதவுக்கு வெளியே அத்தை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். வலது உள்ளங்கையைக் கதவின் கீழ்ப்பாதியில் பதித்திருந்தாள். ஜுரம் வந்த குழந்தையின் நெற்றியில் வைப்பாளே அம்மா, அந்த மாதிரி. அவள் கை அசையவில்லை.

சத்தம் கேட்டது. மரத்தின் மேல் தோல் உரசுகிற சத்தம். மேலிருந்து கீழே, மறுபடி மேலிருந்து கீழே. உள்பக்கத்திலிருந்து, அத்தையின் கை இருந்த அதே உயரத்தில்.

“அத்தே, அப்பா எங்க?”

“உள்ளதான் கீறான். தொணைக்கு வுட்டுகீறேன்.”

அம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். நான் தாழ்ப்பாளை இழுத்தேன். அது கிறீச்சிட்டதும் உரசும் சத்தம் நின்றது.

அப்பா எதிர்ச் சுவரோடு முதுகை ஒட்டி நின்றிருந்தார். முகம் வியர்த்து ஊறியிருந்தது. தரையில் சிமெண்ட் தூசி ஒரு விரல் கனத்துக்குப் படிந்து கிடந்தது. வாசலிலிருந்து சுவர் வரைக்கும் அவருடைய காலடி போயிருந்தது. திரும்பி வரவில்லை. கதவை ஒட்டி, அந்தக் காலடி தவிர, தூசி கலையாமல் கிடந்தது.

“கூப்டலாம்ல? செவுடா நாங்க?” என்று அம்மா கத்தினாள். பயந்தால் அவளுக்குக் கத்தத்தான் வரும்.

“கூப்டத்தான் போனேன்.” அப்பா கதவையே பார்த்தார். “எனக்கு முன்னாடி அங்க யாரோ ஒக்காந்துகினு இருந்தாங்க. எப்படித் தாண்டி வர்றது?”

நான் கட்டடம் படித்தவள். வெயிலில் மரம் விரியும், முறுகும், சத்தம் போடும் என்று எனக்குத் தெரியும். தூசி ஈரத்தில் இறுகி, கால் தடம் சில இடத்தில் பதியாமலும் போகலாம். இதையெல்லாம் அன்றே அவரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தார். இரண்டாவது சொம்பும் குடித்தார். பிறகு அத்தையின் எதிரே தரையில் உட்கார்ந்தார். அவள் கையைக் கதவிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“ஆசாரி வந்தா அந்தத் தாப்பாளக் கழட்டச் சொல்லு கலை.”

“கழட்டிட்டு? ராத்திரி இவ போய்ட்டா?” என்றாள் அம்மா. கேட்டுக்கொண்டே அவள் தன்னை அறியாமல் புடவைத் தலைப்பை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் அப்பா தலை குனிந்துகொண்டார்.

பிளானில் ஒரு திருத்தம்

அன்று சாயங்காலம் கட்டம் போட்ட தாளை எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். சுவரை நகர்த்த முடியாது. இன்னொரு அறைக்குப் பணம் இல்லை. மாற்றக்கூடியது ஒன்றுதான் இருந்தது. யார் எங்கே படுப்பது என்பது. முன்னறையில் எழுதியிருந்த என் பெயரை அழித்து ‘அப்பா, அம்மா’ என்று எழுதினேன்.

அப்பா பக்கத்தில் வந்து நின்றார். என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குப் படிக்கத் தெரியாது. அழித்தது மட்டும் தெரிந்தது.

“அது ஒன் ரூமாச்சே.”

“நான் அத்தையோட படுத்துக்கறேன்.”

“படிச்ச புள்ள நீ. எதுக்கு அந்த இருட்டு ரூமுல...”

“இருட்டா இருந்தா ஜன்னலப் பெருசாக்கிடறேன். படிச்சது எதுக்கு?”

ஆசாரி தாழ்ப்பாளைக் கழற்றி உள்பக்கம் மாட்டினார். வெளியே இருந்த திருகாணி ஓட்டைகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்தார். எண்ணெய் விடப்போனபோது தடுத்தேன். அந்தக் கிறீச்சு அப்படியே இருக்க வேண்டும். அத்தை எழுந்து திறந்தால் என்னை எழுப்ப அது போதும். மணிக்கட்டில் முடிச்சு வேண்டாம். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இந்த வீட்டில் நான் போட்ட திட்டங்களிலேயே செலவில்லாததும் உருப்படியானதும் இதுதான் என்று இன்றைக்கும் பெருமைப்படுகிறேன்.

குழிக்குப் பெயிண்ட் அடிக்கட்டுமா என்று ஆசாரி கேட்டார். வேண்டாமென்று விட்டுவிட்டோம்.

குடிவந்த பிறகு அம்மா முன்னறையில் இரண்டு கைகளையும் விரித்துப் போட்டுத் தூங்குகிறாள். வாய் திறந்திருக்கும். முதல் சில நாள் அப்பா வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார்.

சில விடியற்காலைகளில் தாழ்ப்பாள் கிறீச்சிடும். நான் எழுந்து அத்தையோடு நடப்பேன். ஏரிக்கரை வரைக்கும் போய்விட்டு, அவளாகவே திரும்புவாள். “ஊடு வந்துடுச்சா அத்தே?” என்று ஒருநாள் கேட்டேன். “அது அங்க தனியா இருக்குமே” என்று வீட்டை நோக்கி வேகமாக நடந்தாள்.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் பின்னறைக்கு முதலில் போகிறவள் அத்தைதான். நான் போனதும் உடனே தாழ்ப்பாள் போட மாட்டாள். கதவைத் திறந்து பிடித்தபடி, வெளியே கூடத்தைப் பார்த்து ஒதுங்கி நிற்பாள். “வா, காலப் பாத்து வா, படி கீது” என்பாள். கொஞ்ச நேரம் காத்திருப்பாள். பிறகுதான் தாழ்ப்பாளைப் போடுவாள்.

படுக்கும்போது அவள் சுவரோடு ஒட்டிப்போய், எங்கள் இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் படுக்கிற இடத்தை விட்டுவிடுவாள். அந்த அறையின் அகலம் எனக்குத் தெரியும், வரைந்தவள் நான்தான். அதில் இரண்டு பேருக்குத்தான் இடம் போட்டேன்.

நானும் இந்தப் பக்கச் சுவரோரம் கொஞ்சம் நகர்ந்து படுத்துக்கொள்கிறேன்.